கூடப்பிறந்தவள் சொன்னால்

கோலோஹினா, ஹாபாய் தீவுகள்
24 பிப்ரவரி 1979

அன்புத் தம்பி லோபெட்டிக்கு அக்கா வைமோவானா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் மிச்சமிருக்கிற நாங்கள் சுகம். நீ ஆக்லாந்தில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை வழக்கம்போல டின் மீனும் ரொட்டியுமா?

தந்தி வந்திருக்கும். அப்பா பத்தாம் தேதி விடிகிற நேரத்தில் போய்விட்டார். வலி இல்லை. "மழை வருதா?" என்று கேட்டார், "இல்லப்பா" என்றேன், அவ்வளவுதான்.

அடக்கத்துக்கு ராஜாவின் ஆட்கள் வந்தார்கள். ஏழு தீவிலிருந்து பாய்களும் மரப்பட்டைத் துணிகளும் வந்து குவிந்தன. உன்னால் வர முடியாது என்று எனக்குத் தெரியும். விசாக் காகிதம் காலாவதியானவன் அந்தத் தேசத்தை விட்டு வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது. ஆனாலும் மகன் நிற்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்ததை ஊர் முழுக்கப் பார்த்தது. 

குழியடுப்புப் பக்கம் இசிலெலிதான் நின்றான். சமையல்காரி மாட்டா பெற்றவன் என்று ஊர் சொல்லும், அவன் மூக்கு வேறொன்றைச் சொல்லும். அதற்கு மேல் உனக்கு நான் எழுதுவது மரியாதை இல்லை. பத்து நாளும் தூங்காமல் பன்றி சுட்டான். தலையை மழித்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே தொங்குகிற கிழிந்த பாயை இடுப்பில் சுற்றியிருந்தான். அது மகன் கட்டுகிற பாய். பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள், நானும் அப்படியே இருந்தேன்.

அப்பாவின் பிரபுப் பட்டம் இனி உனக்கு, நீதான் துயிமதாங்கி. முறைப்படி மணமானவளுக்குப் பிறந்த மூத்த மகனுக்குத்தான் பட்டம் என்று சட்டத்தில் இருக்கிறது. பட்டமும் நான்கு ஊர் நிலமும் உனக்காகக் காத்துக் கிடக்கின்றன. கம்பளிக் கிடங்கில் மூட்டை தூக்கினது போதும், புறப்பட்டு வா.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
வைமோவானா

*

ஆக்லாந்து
15 மார்ச் 1979

மரியாதைக்குரிய அக்காவுக்கு லோபெட்டியின் வணக்கம்.

நான் சுகம். முதுகு மட்டும் சுகமில்லை, அது கம்பளி மூட்டையின் உபயம். உங்கள் தலைவலி எப்படி இருக்கிறது?

கடிதத்தைக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன், மன்னிக்க வேண்டும். எட்டுப் பேர் இருக்கிற வீட்டில் அழுவதற்கு வேறு இடம் இல்லை.

ஆனால் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஊருக்கு வந்தால் பன்றிகளும் பிரசங்கமும்தான். இங்கே எங்கள் கிடங்கின் மேஸ்திரி யார் தெரியுமா? நம் மனாசே. அவன் அப்பா நம் அப்பாவுக்கு முன்னால் முழங்காலில் நடந்து வந்து வள்ளிக்கிழங்கு வைத்துவிட்டுப் போனவர். மகன் என்னைப் பார்த்து, "டேய் லோபெட்டி, பிரபு வீட்டுப் பிள்ளைன்னா மூட்டை தானா நடந்து வருமா? தூக்குடா!" என்கிறான். உலகம் இப்படிப் புரண்டு கிடக்கிறது, நீங்கள் பட்டம் பட்டம் என்கிறீர்கள்.

எனக்குப் பதிலாக இசிலெலி ஊரைப் பார்த்துக்கொள்ளட்டுமே. சட்டம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அப்பாவின் காலைப் பிடித்துவிட்டவன் அவன்தானே? நான் அனுப்பிய ரப்பர் பூட்ஸ் அவனுக்குச் சரியாக இருந்ததா? சின்ன வயசில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு பவளப்பாறை வரைக்கும் நடப்பான். அவனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக.
லோபெட்டி

*

கோலோஹினா
2 ஏப்ரல் 1979

தம்பி லோபெட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. தலைவலி பரவாயில்லை. வலது உள்ளங்கையில் ஒரு புண் வந்திருக்கிறது, பாய் முடையும்போது ஈர்க்கு குத்தினது என்று நினைக்கிறேன். முதுகுக்குத் தேங்காய் எண்ணெயைச் சுட வைத்துத் தேய்.

வள்ளிக்கிழங்கு இந்த வருஷம் நன்றாக இறங்கியிருக்கிறது. முதல் கிழங்கு நம் வாசலுக்கு வந்தது, ஆனால் போன வருஷத்தில் பாதிதான். புதிதாக வந்திருக்கிற பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளிடம், "ஒருத்தன் நட்டத இன்னொருத்தன் வாசல்ல ஏன் கொண்டுபோய் வைக்கணும்?" என்று கேட்கிறாராம். கேட்கட்டும், ஆளில்லாத வீட்டைப் பார்த்து எவனும் கேட்பான். அதற்குத்தான் வா வா என்று அடித்துக்கொள்கிறேன். தேவாலயத்தில் முன்பாய் காலியாகக் கிடக்கிறது, போன ஞாயிறு அதில் ஒரு நாய் படுத்திருந்தது.

கூரைக்குத் தகரம் மாற்றியாயிற்று. வெள்ளைக் குதிரை குட்டி போட்டது.

இசிலெலி போன மாதம் எட்டாம் தேதி கடலுக்குப் போனான். திரும்பவில்லை. நான்காம் நாள் துடுப்பு ஒன்று கரை ஒதுங்கியது. தேடிப் போனவர்களும் வெறுங்கையோடு வந்தார்கள். அவன் பெண்டாட்டி சேய்னி பிள்ளைத்தாச்சி. நீ அனுப்பிய பூட்ஸ் கொட்டகையில் அப்படியே இருக்கிறது, சின்னதாகப் போய்விட்டதாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வைமோவானா

*

ஆக்லாந்து
20 ஏப்ரல் 1979

அக்கா,

வணக்கமெல்லாம் பிறகு. குதிரை குட்டி போட்டதுக்கு அப்புறம் அதை எழுதுகிறீர்களே, உங்களுக்கு என்ன மனசு!

எட்டாம் தேதி அங்கே என்ன காற்று என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் புயல் எச்சரிக்கை என்று இங்கே வானொலியிலேயே சொன்னான், நான் உங்களுக்காக முழங்கால் போட்டேன். இசிலெலி மேகத்தைப் பார்த்தே நாளைக்கு மறுநாள் என்ன என்று சொல்கிறவன். "கடல்ட்ட வீரம் காட்டுறவன் பொண்டாட்டிக்குத் துரோகி" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன். பிள்ளைத்தாச்சிப் பெண்டாட்டியை விட்டுவிட்டு ஏன் போனான்? யார் அனுப்பினார்கள்?

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மனாசே வீட்டுக்கே வந்துவிட்டான், கத்தத்தான் வந்தான். விஷயம் கேட்டதும் வாசற்படியில் உட்கார்ந்து அவனும் அழுதான்.

சேய்னிக்கு ஒரு பெட்டி டின் மீனும் துணியும் அனுப்பியிருக்கிறேன். ஏன் போனான் என்று மட்டும் எழுதுங்கள். புண் ஆறிவிட்டதா?

லோபெட்டி

*

கோலோஹினா
11 ஜூன் 1979

தம்பி லோபெட்டிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபிக்காதே. புண் வலது கையில், பேனா பிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று தரம் மருந்து கட்டினார்கள். மேல் தோல் மூடுகிறது, இரண்டு நாளில் அடியிலிருந்து திறந்துகொள்கிறது. ஊரில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஆறாத புண் என்றால் செத்தவர்கள் யாருக்கோ எலும்பில் வேர் ஏறியிருக்கிறது, குழியைத் திறந்து வேரை அறுத்தால் சரியாகும் என்று நம் வழக்கம் உனக்குத் தெரியும். அப்பாவின் குழியைத் திறக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். "அப்ப யாரு எலும்புன்னு நினைக்கறீங்க?" என்று அத்தை மகள் கேட்டாள். அவளை வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. போன சனிக்கிழமை ஊர்க் கவா, வேர்ச் சாறு குடிக்கிற சபை. வட்டம் நிறைய ஆள். அழைப்பாளர் கிழவர் நாற்பது வருஷப் பழக்கத்தில், முதல் குவளைக்கு வாய் தவறி, "துயிமதாங்கி!" என்று கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பெயருக்கு உரியவன்தானே கை தட்டி, இங்கே இருக்கிறேன் என்று காட்ட வேண்டும்? கிழவர் நாக்கைக் கடித்துக்கொண்ட அதே நேரம் தட்டல் கேட்டது. இரண்டு தட்டு, உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு தட்டுகிற தட்டு. குவளை எடுத்தவன் அந்தப் பக்கம் திரும்பி நடந்தேவிட்டான். அங்கே ஆள் இல்லை. கவா வேர் இடிக்கிற கல்தான் கிடந்தது. அந்தக் கல்லில் இத்தனை வருஷமாக யார் உட்கார்ந்து இடித்தது என்று உனக்குத் தெரியும்.

நான் சமையலறையிலிருந்து கேட்டேன். என் காதால் கேட்டேன்.

மற்றபடி சுகம். அரண்மனையிலிருந்து உனக்கும் கடிதம் வரும்.
வைமோவானா

*

ஆக்லாந்து
1 ஜூலை 1979

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நான் சுகம், முதுகும் சுகம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். கையை உப்புத் தண்ணீரில் போடாதீர்கள்.

கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. பேய்க் கதை எழுதினீர்கள். தேங்காய் விழுந்திருக்கும், பல்லி தட்டியிருக்கும். கவாவில் உட்கார்ந்தால் பாதிப் பேருக்கு மண்டைக்குள்ளேயே தட்டும். பட்டத்தைக் காலியாகப் போட்டு வைத்தால் எல்லாச் சத்தமும் அதைத் தேடி வரத்தான் செய்யும்.

அரண்மனைக் கடிதம் வந்துவிட்டது. நவம்பர் பதினான்கு, பட்டம் சூட்டுகிற கவா. முத்திரை வைத்த கடிதத்தை மனாசேயிடம் காட்டினேன். அக்கா, அவன் மூஞ்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றினான். அன்றைக்கு மத்தியானம் நான் இறைச்சி பன் தின்றுகொண்டிருக்கிறேன், பக்கத்தில் வந்து குனிந்து நின்று, பிரபுக்களுக்கு மட்டும் சொல்கிற அந்தப் பழைய சொல்லால், "அமுது செய்தாயிற்றுங்களா?" என்கிறான். இறைச்சி பன்னுக்கு! சிரிப்பை அடக்க முடியாமல் பன் தொண்டையில் அடைத்துக்கொண்டது.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன். ராத்திரி படுக்கையில் அந்தச் சொல்லை நானே எனக்குள் சொல்லிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பதினோரு வருஷம் "டேய்" கேட்டவனுக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அதிலிருந்து மூட்டையும் தூக்கவில்லை, முதுகு வலியும் இல்லை.

வருகிறேன். அப்பாவின் இடம் காலியாகக் கிடக்க வேண்டாம்.
லோபெட்டி

*

கோலோஹினா
5 ஆகஸ்ட் 1979

தம்பி லோபெட்டிக்கு,

சுகம். கை அப்படியேதான் இருக்கிறது.

சேய்னிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது, ஆண் குழந்தை. எட்டாம் நாள் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். "அவரு சொல்லிட்டுப் போனாரு, புள்ள பொறந்தா மொதல்ல அவங்க மடியில போடு, அவங்கதான் பேரு வைக்கணும்னு" என்றாள். பிள்ளையுடைய தகப்பனின் கூடப்பிறந்தவள்தானே நம்மில் பெயர் வைப்பது.  அவளுக்கு எதுவும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பிள்ளை என் புண் கையின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பெயர் பிறகு வைக்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு வெகுநேரம் அழுதேன்.

பட்டம் சூட்டுகிற கவாவுக்கு ஒத்திகை தொடங்கியிருக்கிறார்கள். உன் இடத்தில் ஒரு தலையணையை வைத்துப் பழகுகிறார்கள். மூன்று ஒத்திகை ஆயிற்று, மூன்றிலும் தட்டல் கேட்டது. மூன்றாவது தரம் அழைப்பாளர் கிழவர் எழுந்து போய்விட்டார். "கூப்பிட்டா வர்ற ஆள் வந்துட்டாரு, இனி யாரைக் கூப்பிடச் சொல்றீங்க?" என்று கேட்டாராம். அவரைச் சமாதானப்படுத்த இரண்டு பன்றி ஆயிற்று.

தம்பி, நவம்பரில் வராதே. ஒரு வருஷம் போகட்டும். அரண்மனைக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிவிடு.

வைமோவானா

*

ஆக்லாந்து
25 ஆகஸ்ட் 1979

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க இன்றைக்கு மனசு இல்லை.

வா வா என்றீர்கள், இப்போது வராதே என்கிறீர்கள். நான் என்ன காற்றாடியா? வேலையை விட்டாயிற்று. இங்கே நம் சனம் கூடி விருந்து வைத்து, நூறு பேர் தரையில் உட்கார, என்னை மட்டும் பாய் மேல் உட்கார வைத்தார்கள். மனாசே தன் மகளுக்கு வைத்திருந்த பெரிய பாயை என் காலடியில் விரித்தான். இனி திரும்பிப் போய், "மேஸ்திரி, மூட்டை எங்கே?" என்று கேட்கவா? அந்த அசிங்கத்துக்குச் செத்துப்போகலாம்.

உங்களுக்குள் ஏதோ இருக்கிறது. ஏப்ரலில் கேட்டேன், ஜூலையில் கேட்டேன், இசிலெலியை யார் அனுப்பினது என்று. நீங்களும் நானும் வயசு வந்த பிறகு ஒரு கூரைக்கடியில் உட்கார்ந்து பேசினதில்லை. அண்ணன் தம்பிக்கும் கூடப்பிறந்தவளுக்கும் நடுவில் சில பேச்சு வரக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் காகிதத்துக்கு வெட்கம் இல்லை. ஒரே ஒரு தரம் எழுதிவிடுங்கள். நான் படித்துவிட்டுக் கிழித்துவிடுகிறேன்.

லோபெட்டி

*

கோலோஹினா
16 செப்டம்பர் 1979

தம்பி,

நீ கேட்டதால் எழுதுகிறேன். கூடப்பிறந்தவனுக்கு எழுதக் கூடாததை எழுதுகிறேன், கர்த்தர் மன்னிக்கட்டும்.

மார்ச் ஏழாம் தேதி சாயங்காலம் இசிலெலி வந்தான். நான் வீட்டுக்குள் இருந்ததால் உள்ளே வரவில்லை. ஓலைத் தட்டிக்கு வெளியே உட்கார்ந்தான். தட்டிக்கு அடியில் ஒரு காகிதத்தைத் தள்ளினான். "படிச்சுப் பாரும்மா. எனக்கு ஒண்ணும் வேணாம். புள்ள பொறக்கப் போவுது, அது தகப்பன் பேரு சொல்லிக்கட்டும், அவ்வளவுதான்" என்றான்.

அது கல்யாணச் சீட்டு. வவாவு தீவில், 1937-ல், போதகர் கையெழுத்தும் இரண்டு சாட்சியும் போட்டது. மாப்பிள்ளை நம் அப்பா, இருபது வயசு. பெண் மாட்டா.

நம் தாத்தா அந்தப் போதகரை எங்கோ கடைசித் தீவுக்கு மாற்ற வைத்து, பதிவேட்டில் பக்கத்தைக் கிழிக்க வைத்து, மூன்று வருஷம் கழித்து நம் அம்மாவை அப்பாவுக்குக் கட்டி வைத்திருக்கிறார். போதகர் சாவதற்கு முன் தன்னிடமிருந்த பிரதியை மாட்டாவுக்கு அனுப்பிவிட்டார். அந்தக் கல்யாணத்தை எந்தக் கோர்ட்டும் ரத்து செய்யவில்லை. மாட்டா நம் சமையலறையில் உட்கார்ந்து 1952-ல் சாகும் வரைக்கும் சேப்பங்கிழங்கு உரித்தாள். உனக்கும் எனக்கும் அவள்தான் சோறு போட்டாள்.

அப்படியென்றால் நம் அம்மா யார்? நீ யார், நான் யார்? இந்த ஊரில் நான் நடந்து போனால் ஆண்கள் ஒதுங்கி உட்காருகிறார்களே, அது யாருக்கு? எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டே சொன்னேன்: "என் அண்ணன்னு சொல்லிக்கிறியா? கூடப்பிறந்தவ கேட்டா கூடப்பிறந்தவன் இல்லைன்னு சொல்ல மாட்டான். அப்பாவுக்குப் படைக்க எனக்கு ஆமை வேணும், வெளிப் பாறையிலேருந்து. நாளைக்கே வேணும்."

அப்போதே காற்றில் தென்னை மட்டைகள் பறந்துகொண்டிருந்தன. அவன் சிரிப்பான், அல்லது கெஞ்சுவான், "பைத்தியமா?" என்பான் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நீ அண்ணன் இல்லை, போ என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளியிருப்பேன். எனக்கு அது போதும்.

எழுந்து நின்றான். அப்புறம், "பெருசா வேணுமா, சின்னது போதுமாம்மா?" என்று கேட்டான்.

நான் விளக்கை அணைத்துவிட்டேன். விடிந்ததும் போய்விட்டான். நான் ஓடிப்போய், வேண்டாம் என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். படகை இழுக்கிற சத்தம் கேட்டது. படுத்தே கிடந்தேன்.

காகிதம் என்னிடம் இருக்கிறது. அவன் அண்ணன்தான், தம்பி. அண்ணனாக இல்லாதவன் போயிருக்க மாட்டான். பட்டம் அவனுடையது, அவனுக்குப் பின் அந்தக் குழந்தையுடையது. கவா வட்டத்தில் தட்டுகிறவன் பொய் தட்டவில்லை.

உன்னிடம் நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்னும் எனக்கே தெளியவில்லை. நீ வந்த பிறகு எழுதிக் கேட்கிறேன்.

வைமோவானா

*

பெரிய வீடு, கோலோஹினா
15 நவம்பர் 1979

வைமோவானாவுக்கு.

செப்டம்பர் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. வந்து மூன்று வாரமாகியும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நீங்கள் முற்றத்துக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அந்த வழக்கம் எனக்கு வசதியாகிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் வேலைக்காரியிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய உறை கிடைத்தது. இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒட்டைப் பாருங்கள், பிரிக்கவில்லை. கூடப்பிறந்தவள் கேட்டால் தட்ட முடியாது. ஆகையால் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு விருப்பம் இல்லை. தெரியாததை நான் மறுத்ததாக ஆகாது. உறையை இடுப்புப் பாய்க்குள் செருகிக்கொண்டுதான் நேற்று வட்டத்தில் உட்கார்ந்தேன். மூச்சு விடும்போதெல்லாம் அது வயிற்றில் குத்தியது.

உங்களைப் பயமுறுத்தவோ சமாதானப்படுத்தவோ இதை எழுதவில்லை. அழைப்பாளர் பெயரைக் கூப்பிட்டதும் நான் தட்டினேன். நான் தட்டினது ஒரு தரம். எனக்குக் கேட்டது இரண்டு ஆள் தட்டினது. மற்றது என் இடது தோளுக்குப் பின்னால், மிக அருகில். கடல் தண்ணீர் நாற்றம் அடித்தது. நான் திரும்பவில்லை. குவளை என்னிடம்தான் வந்தது, குடித்துவிட்டேன். மனாசே ஆக்லாந்திலிருந்து வந்து வட்டத்துக்கு வெளியே தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.

உங்கள் உறையில் லோபெட்டி என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயரில் இங்கே இப்போது யாரும் இல்லை. பட்டம் ஏறினவன், முன்பு அந்தப் பட்டத்தில் இருந்த எல்லாருமாகவே ஆகிவிடுகிறான் என்பது உங்களுக்குத் தெரியும். கோலோஹினாவுக்கு முதல் கிணறு வெட்டியவன் நான். மாட்டாவைக் கட்டினவனும் நான்தான் என்றாகிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். சேய்னிக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது, தோட்டம் எழுதி வைக்கிறேன்.

இனி இதைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். உடல்நலம் பேணுங்கள்.

துயிமதாங்கி

*

கோலோஹினா
16 நவம்பர் 1979

துயிமதாங்கி அவர்களுக்கு வணக்கம். தாங்கள் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

தாங்கள் எழுத வேண்டாம் என்றீர்கள். இதுவே கடைசி. இதைத் தாராளமாகப் பிரித்துப் படிக்கலாம், இதில் நான் எதுவும் கேட்கவில்லை. உறை திரும்பி வந்துவிட்டதால் அதில் என்ன இருந்தது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வரிதான்.

"தம்பி, கல்யாணச் சீட்டு என் கையில் இருக்கிறது. இதைக் கோர்ட்டில் கொடுக்கவும் எனக்குத் தைரியம் இல்லை, எரிக்கவும் தைரியம் இல்லை. நம் அம்மாவின் மானமும் இதில்தான் இருக்கிறது, அண்ணன் உயிரும் இதில்தான் இருக்கிறது. எரித்துவிடு என்று நீ ஒரு சொல் எழுது, எரித்துவிடுகிறேன், யாரிடமும் மூச்சு விட மாட்டேன். பதில் வராவிட்டால், நீ உன் வாயால் சொல்ல முடியாமல் பிள்ளைக்கே விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொண்டு, சேய்னியைக் கூட்டிக்கொண்டு கப்பலேறுவேன்."

இவ்வளவுதான் கேட்டேன். திங்கட்கிழமை காலையிலிருந்து நேற்று உறை வரும் வரைக்கும் குழியடுப்பில் நெருப்பை அணைய விடாமல் சுள்ளி போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பட்டம் சூட்டுகிற நேரத்தில்கூட அங்கேதான் இருந்தேன். எரிக்கச் சொல்வாய் என்று நினைத்தேன். சொல்ல மாட்டாயா என்று ஏங்கினேன் என்றே வைத்துக்கொள். மிச்சமிருக்கிற கூடப்பிறந்தவன் நீ ஒருத்தன். ஒருத்தனைக் கடலுக்கு அனுப்பிவிட்டேன், இன்னொருத்தனையும் என் கையால் கவிழ்க்க வேண்டுமா என்று அழுதேன்.

அண்ணன் நான் கேட்டதும் போனான். நீ நான் கேட்டுவிடுவேனோ என்று காதைப் பொத்திக்கொண்டாய். அவனுக்கு அது உயிர் போகிற வேலை, உனக்கு ஓர் உறையைப் பிரிக்கிற வேலை. பிரித்திருந்தால் எல்லாம் உனக்கே இருந்திருக்கும், அடப் பாவி.

சேய்னியிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நான் அவனை அனுப்பினதையும் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றாள், கொஞ்ச நேரத்தில் வந்து, "எத்தன மணிக்குக் கப்பல்?" என்று கேட்டாள். நாலு மணிக்கு. தலைநகர் நுகுவாலோஃபாவில் கோர்ட் திங்கட்கிழமை திறக்கிறது. அங்கே சீட்டைக் கொடுத்துவிட்டு, மார்ச் ஏழாம் தேதி நான் பேசினதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன்.

பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டேன். லோபெட்டி. அந்தப் பெயரில் இங்கே இப்போது யாரும் இல்லை என்று எழுதியிருந்தாய்.

ஈரக்காற்று அடிக்கிறது, கழுத்தை மூடிக்கொண்டு படு.

அக்கா
வைமோவானா